முதல் வசனம் "வேண்டாம்"

மாற்றுத்திறன் குழந்தைகளோடு நாடக சிகிச்சை நடத்த முதலில் 40 அடி பருத்திக் கயிறு வாங்குங்கள். சுண்டுவிரல் தடிமன் போதும். கிணற்றுக் கயிறு அளவுக்குப் போனால் கால் தடுக்கும். தேங்காய் நார்க் கயிறு மலிவுதான். ஆனால் தொடுகூச்சம் உள்ள குழந்தை வெறுங்காலோடு அதை ஒருமுறை மிதித்துவிட்டால் அடுத்த வாரம் வாசலிலேயே நின்றுவிடும். இந்தக் கயிற்றைத் தரையில் வட்டமாக விரித்தால் குறுக்கே 12 அடிக்குச் சற்று மேல் வரும். ஆறு குழந்தைகளும் நான்கு பெரியவர்களும் முட்டிக்கொள்ளாமல் அசைய அது போதும். சக்கர நாற்காலி நுழைய ஓரிடத்தில் 3 அடி திறந்து விடுங்கள். கயிறு நகராமல் இருக்க இரண்டடிக்கு ஒரு துண்டு காகித டேப் ஒட்டுங்கள்.

கயிற்றுக்குள்ளே நாடகம், வெளியே வீடு. உள்ளே கிளியாகவோ காளையாகவோ கண்டக்டராகவோ இருக்கலாம். காலை எடுத்து வெளியே வைத்த நிமிடம் பழைய ஆள். கற்பனை எது, நிஜம் எது என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாத குழந்தைக்கும் இந்தக் கோடு உள்ளங்காலில் தெரியும். பார்வையில்லாத குழந்தைக்கும் தெரியும். பிடிக்கவில்லை என்றால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதும் தெரியும். நாடக சிகிச்சையில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது அதுதான்.

மதுரையைச் சுற்றி நாடகம் என்றால் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் இதே ஊரில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவைத் தொடங்கினார். பாட்டும் வசனமும் எழுத்துப் பிசகாமல் வர வேண்டும் என்பது அந்த மரபின் பெருமை. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் தலைகீழாக்கியே ஆகவேண்டும். அங்கே வசனம் பிசகினால் குற்றம். இங்கே குழந்தை எழுதிவைத்த கதையிலிருந்து விலகுகிற இடத்தில்தான் வேலையே ஆரம்பிக்கிறது. அதனால் குழந்தைக்கு நாம் சொல்லித்தரும் முதல் வசனம் "வேண்டாம்" என்பதாக இருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். படுக்கையிலிருந்து தூக்குவது ஒரு கை, பல் விளக்கிவிடுவது ஒரு கை, கால் நீட்டி மடக்கும் பிசியோதெரபிஸ்ட்டின் கை, சோறு ஊட்டும் கை, ஆட்டோவில் ஏற்றும் கை. எல்லாம் அன்பான கைகள்தான். ஆனால் தொடுவதற்கு முன் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தொடப்பட்டுப் பழகிய உடம்புக்கு, தப்பான கை ஒன்று வரும்போது மறுக்கலாம் என்றே தோன்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 2012-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, மாற்றுத்திறன் குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு அதிகம் என்று கணக்கிட்டது. மறுக்கப் பழக்குவது நாடகத்துக்குப் பக்கத்தில் செய்யும் கூடுதல் வேலை இல்லை. நாடகமே அதுதான்.

பழக்கும் முறை எளிது. முதல் நாளுக்கு முன்பே அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "பிள்ளைக்குப் பிடிக்கலேன்னா என்னம்மா செய்யும்?" முகத்தைத் திருப்பும், கையை உதறும், கண்ணை இறுக மூடும், வெறுமனே உறைந்துபோகும் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். அதையே அந்தக் குழந்தையின் "வேண்டாம்" என்று வைத்துக்கொண்டு, உதவியாளர்கள் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் படமாக ஒட்டுங்கள். பேச்சு வராத குழந்தைக்கு உள்ளங்கை அகலச் சிவப்பு அட்டை ஒன்று. அட்டையைப் பிடிக்க முடியாது என்றால், தொட்டால் "வேணாம்" என்று ஒலிக்கும்படி கைப்பேசியில் பதிந்து மடியில் வையுங்கள். குரல் அண்ணனுடையதோ அக்காவுடையதோ, ஏறக்குறைய அதே வயதுக் குழந்தையுடையதாக இருக்கட்டும். பெரியவர் குரல் குழந்தையின் மடியிலிருந்து வந்தால் ஒட்டாது.

பிறகு விளையாட்டு. ஒருவர் டோலக்கை மெதுவாகத் தட்டுவார். எல்லோரும் கையோ காலோ தலையோ, எது அசையுமோ அதை அசைப்பார்கள். எந்தக் குழந்தை "வேண்டாம்" காட்டினாலும் அந்த நொடியே டோலக் நிற்க வேண்டும். மூன்று எண்ணி, "மறுபடி?" என்று கேட்டு, குழந்தை சம்மதித்தால்தான் அடுத்த தட்டு. முதல் இரண்டு வாரம் இருபது முப்பது தடவைகூட நிறுத்துவார்கள். நிறுத்தட்டும். ஒரு பெரிய ஆளை ஒரு கையசைவால் நிறுத்த முடிகிறது என்பது அவர்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியவருகிறது. இது கெட்டுப்போவது பெரியவர்களால்தான். ஆட்டம் களைகட்டியிருக்கும்போது "இன்னும் கொஞ்சம்டா தங்கம்" என்று ஒரே ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். அந்த அறையில் "வேண்டாம்" செல்லாது என்று குழந்தை தெரிந்துகொள்ளும். அதை மீட்க ஒரு மாதம் ஆகும்.

உடல், பொருள், வேடம்

நாடகத்தைச் சிகிச்சையாகப் பார்க்கும் சிந்தனைக்கு நூறு வருடம் ஆகிறது. 1921-இல் வியன்னாவில் மருத்துவர் மொரேனோ தொடங்கிவைத்த சோதனைகள், 1950-களில் இங்கிலாந்தில் குழந்தைகளின் விளையாட்டையே நாடகமாகப் பார்த்த பீட்டர் ஸ்லேட் என்று வரலாறு நீளமானது. வேலைக்கு மிகவும் கைகொடுப்பது நாடக சிகிச்சையாளர் சூ ஜென்னிங்ஸ் வகுத்த மூன்று படிகள். குழந்தை முதலில் உடம்பால் விளையாடுகிறது. அடுத்து உடம்புக்கு வெளியே உள்ள பொருளின் மேல் கதையை ஏற்றுகிறது. கடைசியில்தான் தானே வேறொருவராகிறது. வயது பன்னிரண்டாக இருந்தாலும், குழந்தை எந்தப் படியில் இருக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு மூன்றாவது படியில் ஏறி நிற்பது. முதல் நாளே தலையில் அட்டைக் கிரீடம், முகத்தில் அரிதாரம், "நீதான் ராஜா, பேசு" என்கிறார்கள். குழந்தை கிரீடத்தைப் பிய்த்து எறிகிறது. ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. உண்மையில் தலையில் ஏதோ அழுத்துகிறது, தோல் இழுக்கிறது, எதற்கென்று புரியவில்லை, அவ்வளவுதான். காதொலிக் கருவி அணிந்த குழந்தைக்குக் கிரீடம் காதை மூடினால் கருவி கீச்சென்று விசிலடிக்கும். அது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். என்ன நடக்கிறது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாமலும் போகலாம்.

உடல் படிக்கு ஒயிலாட்டம் அருமையான கருவி. வரிசை, கையில் துணி, முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி. காலால் முடியாதவர் துணியை மட்டும் வீசலாம், வரிசை கலையாது. இங்கே ஸ்பெஷல் நாடக மேடையிலிருந்து ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆல்ரவுண்ட் கலைஞர் நடிகரின் அசைவைப் பார்த்து ஒலி கொடுப்பார். நடிகர் திரும்பினால் ஒரு தட்டு, விழுந்தால் ஒரு முழக்கம். நம் அறையிலும் தாளத்துக்குக் குழந்தை ஆட வேண்டியதில்லை. குழந்தையின் அசைவுக்குத் தாளம் போகட்டும். விரல் ஒன்று அசைந்தால் ஒரு சின்னத் தட்டு. தன் விரலுக்கு ஒலி வருகிறது என்று கண்டுபிடிக்கும் குழந்தை அடுத்த விரலையும் அசைக்கும்.

பொருள் படிக்கு விளாச்சேரி மண்பொம்மைகள் கைக்கு அருகிலேயே கிடைக்கின்றன. செட்டியார் பொம்மை, மாடு, காவல்காரர் என்று ஐந்தாறு போதும். கண்ணைப் பார்த்துப் பேச முடியாத ஆட்டிசக் குழந்தை பொம்மையைப் பார்த்துப் பேசும். நீங்களும் பொம்மையைப் பார்த்தே பதில் சொல்லுங்கள். கீழே போட்டு உடைக்கும் வயது என்றால் காகிதக்கூழ் பொம்மை வாங்குங்கள். வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிப் பின்னால் விளக்கு வைத்தால் தோல்பாவைக் கூத்து மாதிரி நிழலாட்டமும் ஆகும். தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் திரைக்குப் பின்னால் வாய் திறக்கும் குழந்தைகள் உண்டு. விளக்கு மினுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலிப்பு உள்ள சிலருக்கு நொடிக்கு 3 முதல் 30 வரை மினுங்கும் ஒளி வலிப்பைத் தூண்டும். பழைய டியூப்லைட் துடித்தால் அன்றைக்கு அதை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் நடத்துங்கள்.

தினைப்புனம்: ஆறு வாரக் கதை

ஒரு கதையை ஆறு வாரம் தொடர்ந்து செய்யலாமா, சலிக்காதா என்று உதவிக்கு வருபவர்கள் கேட்பார்கள். சலிப்பது நமக்கு. அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்கு மூன்றாவது வாரத்தில்தான் கதை பிடிபடும், நான்காவது வாரத்தில்தான் அதை மாற்றத் துணிவு வரும். வாரம் ஒரு கதை என்று போனால் அந்தத் துணிவு வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமான கதை வள்ளி தினைப்புனம் காத்தது. பரண் மேல் ஒருத்தி, சுற்றிலும் தினை, கொத்த வரும் கிளிகள், "ஆலோலம்" என்ற ஒரே ஒரு சொல். முருகன் வரவே வேண்டாம். காவலும் கிளியும் போதும்.

தேவையானவை: பச்சைச் சுங்குடித் துணி இரண்டு மீட்டர் வீதம் மூன்று, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறு, ஒவ்வொன்றிலும் 100 கிராம் தினை. மூடியைப் பசை போட்டு ஒட்டி மேலே டேப் சுற்றுங்கள். தினையைத் தட்டில் கொட்டிக் கையால் அளையவிட ஆசையாக இருக்கும்; வாயிலும் மூக்கிலும் போடும் குழந்தை ஒருவர் இருந்தாலும் அது கூடாது. புளியங்கொட்டையோ கல்லோ போட்டால் சத்தம் காதைக் கிழிக்கும். தினை மழைத்தூறல் மாதிரி ஒலிக்கும். விரல் மடங்காத குழந்தைக்குப் பாட்டிலின் நடுவில் துணி சுற்றி, மணிக்கட்டோடு வெல்க்ரோ பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள்.

பெரியவர்கள் இருவர் கிளிகள். ஒரு குழந்தை பரணில். கிளி மெதுவாக, ஒவ்வோர் அடியாக வரும். பரணில் இருப்பவர் எதைச் செய்தாலும், "ஆலோலம்" என்றாலும், "ஆ" என்றாலும், பாட்டிலை அசைத்தாலும், இமைத்தாலும், கிளி பறந்துவிட வேண்டும். தயங்காமல், சந்தேகமே இல்லாமல் பறக்க வேண்டும். ஒன்றும் செய்யாவிட்டால் கிளி காத்திருக்கும். எவ்வளவு நேரம்? மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவருக்கு இருபது. கேட்டது மூளைக்குப் போய், உடம்புக்கு உத்தரவு வந்து, தசை இசைவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். நான்காவது நொடியில் "சொல்லு, ஆலோலம் சொல்லு" என்று குறுக்கே பேசினால், பாதி வழி வந்த குழந்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறையில் நடக்கும் தவறுகளில் பாதி இந்தப் பத்து நொடிக்குள்தான் நடக்கிறது.

சக்கர நாற்காலியில் இருப்பவர் பரணுக்கு இயல்பாகப் பொருந்துவார். ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நாற்காலி அவர் உடம்பின் பகுதி. துணி போர்த்தவும் தள்ளவும் அனுமதி வேண்டும். அடுத்த வாரம் அவரும் கிளியாக வேண்டும். உட்கார்ந்தே இருக்கும் பாத்திரத்தை ஒருவருக்கே திரும்பத் திரும்பக் கொடுப்பது நாம் அறியாமல் செய்யும் அநீதி. சிறகுத் துணியைக் கைப்பிடியில் கட்டும்போது சக்கரக் கம்பிக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும்.

பார்வையில்லாத குழந்தை பரணில் இருந்தால் கிளிகள் காலில் சலங்கை கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கிளிக்கு ஒரு காலில், மற்றதற்கு இரண்டிலும். எது எங்கே வருகிறது என்று பிரித்துக் கேட்கலாம். காது கேளாத குழந்தைக்குக் கிளி முன்பக்கமாகவே வர வேண்டும், முகத்தில் வெளிச்சம் படும்படி. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் உதடும் கையசைவும் இருட்டாகிவிடும். சைகை மொழி பழகிய குழந்தை என்றால் கிளிக்கும் தினைக்கும் அவர்களிடம் உள்ள சைகையைக் கேட்டு எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு கிளி வரும். இங்கே ஸ்பெஷல் நாடக மேடையின் கோமாளியான பபூன் உதவிக்கு வருவார். வழிநடத்துபவர் பபூனாக மாறி எல்லாவற்றையும் தப்பாகச் செய்ய வேண்டும்: கிளியை "காக்கா" என்று சொல்வார், "ஆலோலம்" என்பதை "ஆலமரம்" என்பார், பரணுக்குக் கீழே போய்த் தேடுவார். வாழ்நாள் முழுக்கத் திருத்தப்பட்டே வளர்ந்த குழந்தைக்கு ஒரு பெரியவரைத் திருத்தக் கிடைக்கும் வாய்ப்பு அது. பேச்சு வருவதற்கு இதைவிடப் பெரிய தூண்டுதல் கிடையாது என்றே நான் நினைக்கிறேன்.

ஐந்தாவது வாரம் குஞ்சுக்கிளி ஒன்று பசியோடு வரும். துரத்துவதா, தினை கொடுப்பதா? முடிவு குழந்தையுடையது. துரத்தினால் குஞ்சு பறந்துபோகும். கதை அப்படியே தொடரும். "பாவம்ல, குடுத்திரு" என்று யாரும் சொல்லக் கூடாது. சிலர் இருக்கிற தினை முழுவதையும் கொடுத்துவிட்டுப் பரணிலிருந்து இறங்கிவிடுவார்கள். அப்போது கதை முடிந்தது. சரியென்று முடியுங்கள்.

எல்லாக் கிளிகளும் ஒரே நேரத்தில் பாய்வதால்தான் இந்த ஆட்டம் கெட்டுப்போகிறது. சத்தம் ஏறும், காதைப் பொத்தும் குழந்தை முதலில் அழும், பின்னால் எல்லோரும். ஒரு நேரத்தில் ஒரு கிளி. அறையின் மூலையில் பழைய சேலையால் ஒரு கூடாரம் கட்டி, உள்ளே ஒரு தலையணை போட்டு வையுங்கள். யாரும் கேட்காமல் அங்கே போகலாம், யாரும் பின்னால் போகக் கூடாது. தண்டனைக்கு அனுப்பும் இடமாக அது ஒருநாளும் ஆகிவிடக் கூடாது.

நேரம் மொத்தம் 45 நிமிடம். கயிற்றுக்குள் நுழையும் பாட்டும் பெயர் சொல்லுதலும் ஐந்து, உடல் விளையாட்டு பத்து, கதை இருபது, வேடம் களைதல் ஏழு, மீதி மூன்று நிமிடம் செருப்புப் போட. அன்றைய வரிசையைப் படங்களாகச் சுவரில் ஒட்டி, முடிந்ததைக் குழந்தையே திருப்பி வைக்கட்டும். ஆட்டிசக் குழந்தையின் பதற்றத்தில் பெரும்பங்கு "அடுத்து என்ன" என்பது தெரியாததுதான்.

உடம்புக்கு ஆபத்து வராமல்

டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்புத் தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்றல், கழுத்தை வெடுக்கென்று திருப்பும் ஆட்டம் எதுவும் வேண்டாம். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும் என்பதால் ஓட்டம் வைக்கும் முன் மருத்துவரின் குறிப்பைப் பாருங்கள். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு லேடெக்ஸ் எனும் ரப்பர் மரப்பால் ஒவ்வாமை அதிகம். அவர்கள் இருக்கும் அறையில் பலூன் ஊதவே கூடாது, சாதாரண ரப்பர் கையுறையும் கூடாது. மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு முழுக்கத் தூக்கிப்போடுவார்கள், தசை இறுகிவிடும். பின்னாலிருந்து பறை அடிப்பது வேண்டாம். பாதம் இரண்டும் ஏதாவது ஒன்றில் பதிந்திருக்கட்டும். கால் தொங்கினால் கை வேலை செய்யாது. தசைச்சிதைவு நோய் உள்ளவர் களைத்துப்போகும்வரை ஆடவிடாதீர்கள். இந்த நோயில் களைப்பைத் தாண்டி உழைத்தால் தசைக்குச் சேதம்தான்.

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, கடிகாரம் பாருங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. அதைத் தேடும் நேரத்தில் சுற்றியிருக்கும் பொருள்களை அகற்றலாம். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. டோபிராமேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் வியர்வையைக் குறைத்துவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் குழந்தையின் உடம்பு சட்டென்று சூடேறும். மதுரையில் மார்ச் முதல் ஜூன் வரை காலை பத்தரைக்குள் முடித்துவிடுவது நல்லது. அரிதாரம் பூசுவதென்றால் முந்தின நாளே முன்கையில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள்.

தரை ஈரமில்லாமல், எல்லோரும் வெறுங்காலோடு. எந்த நேரமும் பெரியவர்கள் இருவராவது அறையில் இருக்க வேண்டும். ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது எந்தக் காரணத்துக்கும் கூடாது.

பஸ், ஊசி, திருவிழா

கதைகள் பிடிபட்ட பிறகு, ஏழாவது வாரத்திலிருந்து, வாழ்க்கையிலிருந்தே காட்சி எடுக்கலாம். டவுன் பஸ் ஏறுவது அதில் முதல். எட்டு நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போடுங்கள், நடுவில் இரண்டடி வழி. படிக்கு உறுதியான மரப்பெட்டி. நிஜ பஸ்ஸின் முதல் படி சின்னக் குழந்தையின் முழங்காலுக்கு வரும் என்பதால் பெட்டியும் அந்த உயரம் இருக்கட்டும். கண்டக்டருக்குத் தோள்பை, டிக்கெட், விசில். ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் கிளம்ப. விசில்தான் பல குழந்தைகளுக்கு எதிரி. முதலில் கண்டக்டர் குழந்தைதான். விசில் அதன் வாயில். தானே ஊதும் சத்தம் அடுத்தவர் ஊதுவதைப் போல் மிரட்டுவதில்லை. பிறகு பத்தடி தள்ளி நின்று வேறொருவர் மெல்ல ஊதலாம். வாராவாரம் ஓரடி அருகில். மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம், சிம்மக்கல், பெரியார் என்று நிறுத்தப் பெயர்களைச் சுவரில் படத்தோடு ஒட்டுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளும் உடன் வரும் ஒருவரும் கட்டணமில்லாமல் போகலாம் என்பதால், அட்டையைக் காட்டி டிக்கெட் வாங்குவதையும் காட்சியிலேயே சேர்த்துவிடுங்கள். "அண்ணே, பெரியார் ஒண்ணு" என்று குழந்தை தானே கேட்கட்டும். பேச முடியாதவர் நிறுத்தத்தின் படத்தைக் காட்டட்டும்.

இதில் கோளாறுகளையும் ஒத்திகை பார்க்க வேண்டும். இடமில்லை, நிற்க வேண்டியிருக்கிறது. நிறுத்தம் தாண்டிவிட்டது. யாரோ முறைத்துப் பார்க்கிறார். எல்லாம் சரியாக நடக்கும் பஸ்ஸை மட்டும் பழக்கிவிட்டு நிஜ பஸ்ஸில் ஏற்றினால் குழந்தை நம்மை நம்பாது. ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். முதலில் குழந்தை நர்ஸ், பொம்மைக்கு ஊசி. அடுத்து நமக்கு. கடைசியில், அது ஒத்துக்கொண்டால் மட்டும், அதற்கு. "வலிக்காது" என்ற பொய்யை நாடகத்தில்கூடச் சொல்லாதீர்கள். "சுருக்குனு இருக்கும், மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்பதே உண்மை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் கூட்டத்துக்கும், பீய்ச்சும் தண்ணீருக்கும், வேட்டுச் சத்தத்துக்கும் சித்திரைக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கலாம்: ஒரு தெளிப்பு, இரண்டு பேர் கூட்டம், பிறகு நான்கு பேர். எட்டுப் பேரில் குழந்தை "வேண்டாம்" காட்டினால் அந்த வருடம் கூட்டம் எட்டுப் பேருக்குள்தான். வீட்டாரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஒத்திகை, ஆட்டிசக் குழந்தையை மற்றவர்களைப் போல் நடிக்கவைக்கும் பயிற்சியாக மாறிவிடக் கூடாது. கண்ணைப் பார், கையை ஆட்டாதே, சிரி என்று பழக்கினால் குழந்தை வாழ்நாள் முழுக்க வேடத்திலேயே இருக்கும். அந்தக் களைப்பு பின்னாளில் மனச்சோர்வாக வெளிவரும். கையை ஆட்டிக்கொண்டே டிக்கெட் வாங்கலாம். டிக்கெட் கிடைத்தால் சரி.

கயிற்றுக்கு வெளியே அம்மாக்கள்

குழந்தைக்குப் பதிலாக அம்மா பதில் சொல்வது இயல்பு. பத்து வருடமாக அந்தக் குழந்தையின் குரலே அவர்தான். அவரை வெளியே அனுப்பினால் பதறுவார், உள்ளே உட்கார்ந்தால் கையைப் பிடித்து ஆட்டுவார். கயிற்றுக்கு வெளியே நான்கடி தள்ளிப் பாய் போட்டு, ஒரு வேலை கொடுங்கள்: டோலக், ஜால்ரா, அல்லது குழந்தை தானாக எத்தனை முறை தொடங்கியது என்று கோடு போடும் நோட்டு. கோடு போடும் அம்மா மூன்றாவது வாரத்திலேயே நம்மைவிடக் கூர்மையாகக் கவனிப்பார். அப்பத்தாவோ அம்மாச்சியோ வந்தால் குலவை போட அவர்களைவிட யார்? தங்கைகளும் அண்ணன்களும் வந்தால் கிளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவியாளராக மட்டும் ஆக்காதீர்கள்.

நோட்டில் என்ன எழுதுவது? "சந்தோஷமாக இருந்தான்" என்பது பதிவில்லை. ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு இலக்கு, கண்ணால் எண்ணக்கூடியது. முதல் மூன்று வாரம் இப்போது எப்படி என்பதை மட்டும் எண்ணுங்கள். பிறகு ஐந்து படி அளவுகோல் போடுங்கள்: எதிர்பார்ப்பு பூஜ்ஜியம், அதற்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு. உதாரணமாக, "உதவியில்லாமல் 45 நிமிடத்தில் இரண்டு முறை மறுப்பையோ விருப்பத்தையோ காட்டுதல்" பூஜ்ஜியம் என்றால், ஒருமுறையும் இல்லாதது கழித்தல் இரண்டு, ஐந்து முறைக்கு மேல் கூட்டல் இரண்டு. பன்னிரண்டு வாரம் கழித்து இந்தத் தாளைச் சிறப்பாசிரியரிடமும் வட்டார வள மையத்துத் தெரபிஸ்ட்டிடமும் காட்டலாம். பிசியோவையும் ஸ்பீச் தெரபியையும் நிறுத்திவிட்டு இதற்கு வரச் சொல்லவே கூடாது. 2016-இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 30 பேரை வைத்து, பத்து அமர்வு நாடகப் பயிற்சியை ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் முகங்களை நினைவில் வைப்பதும் பழகுவதும் மேம்பட்டன. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் சின்ன ஆய்வு. குணமாக்கும் என்று விளம்பரம் செய்பவரிடமிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வேடம் களைதல்

இதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆட்டோ வந்துவிட்டது, மணி ஆகிவிட்டது என்று அப்படியே அனுப்பினால் குழந்தை கிளியாகவே வீட்டுக்குப் போகும். ராத்திரி கொத்தும், கத்தும், அடி வாங்கும். துணியைக் கழற்றி மூன்று உதறு, கூடைக்குள் போடு. உள்ளங்கையால் தலை, தோள், முழங்காலைத் தானே தொட்டுக்கொள்வது. முடியாதவருக்குக் கேட்டுவிட்டு நாம் தொட்டுக்காட்டுவது. "நான் கிளி இல்லை, நான்..." என்று தன் பெயர். பிறகு கயிற்றைத் தாண்டி வெளியே. வெளியே நிற்பவர் அந்தப் பெயரைச் சொல்லி "வாங்க" என்று கூப்பிட வேண்டும். கிரீடத்தைக் கொடுக்க மறுக்கும் குழந்தையிடம் பிடுங்க வேண்டாம். கூடையில் அதற்கென்று பெயர் எழுதிய பை ஒன்றைக் காட்டி, அடுத்த வாரம் அங்கேயே இருக்கும் என்று சொல்லி, அடுத்த வாரம் அங்கேயே இருக்கச் செய்யுங்கள்.

ஆண்டுவிழாவில் மேடையேற்றலாமா என்ற கேள்வி எட்டாவது வாரத்தில் வரும். நன்கொடையாளர்கள் வருகிறார்கள், பத்து நிமிடம் போதும் என்பார்கள். என் பதில் பெரும்பாலும் மறுப்புதான். மேடையில் விளக்கு முகத்தில் அடிக்கும், ஒலிபெருக்கி இரையும், குழந்தை "வேண்டாம்" காட்டினால் டோலக் நிற்காது, ஏனென்றால் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. எட்டு வாரம் சொல்லித்தந்த முதல் வசனத்தை ஒரே மாலையில் பொய்யாக்கிவிடுவோம். கண்கலங்கும் பார்வையாளரின் இரக்கம் குழந்தைக்கு வேண்டியதும் இல்லை. குழந்தைகளே கேட்டால் வேறு: பத்துப் பதினைந்து பேர் மட்டும், தரையில், அதே அறையில், அதே கயிற்றைச் சுற்றி. நடுவில் நின்றுபோனால் நின்றுபோகும் என்று வருபவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். படம் எடுக்கப் பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது. அன்றைக்குக் குழந்தை அட்டையைக் காட்டினால் கேமராவைக் கீழே வைக்க வேண்டும்.

பன்னிரண்டாவது வாரம் புதுக் கதை எதுவும் வேண்டாம். முடியப்போகிறது என்பதைப் பத்தாவது வாரத்திலிருந்தே சுவர்ப்படத்தில் காட்டி வையுங்கள். அவரவருக்குப் பிடித்த காட்சி ஒன்று, வேடம் களைதல், பிறகு கயிற்றைச் சேர்ந்து சுருட்டுவது. டேப்பைப் பிய்ப்பது விரல் வேலை, பலருக்குப் பிடிக்கும். ஒரு குழந்தை உள்ளேயே உட்கார்ந்து சிவப்பு அட்டையைக் காட்டினால் சுருட்டுவதை அங்கே நிறுத்துங்கள். ஆட்டோக்காரரிடம் "பத்து நிமிசம் அண்ணே" என்று சொல்லிவிட்டு, எஞ்சிய கயிற்றை அதைச் சுற்றி அப்படியே விட்டுவிட்டுப் பாட்டில்களை எண்ணி எடுத்து வையுங்கள்.